ஆட்டுக்கு வேலி: காசை எங்கே போடுவது?

ஆட்டுக்கு வேலி போட நினைப்பவர் முதலில் விசாரிப்பது உயரத்தைத்தான். நாலடி போதுமா, ஐந்தடி வேண்டுமா, ஆறடி போட்டால் நிம்மதியாகத் தூங்கலாமா என்று கேட்பார். அடுத்த கேள்வி, அடிக்கு என்ன விலை. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் நிலத்தின் நாலு எல்லையையும் அளந்து, கையிலிருக்கும் பணத்தை அந்த நீளத்தால் வகுத்து, என்ன கம்பி வாங்க முடிகிறதோ அதை வாங்கிச் சுற்றிவிடுகிறார்கள். ஐம்பது சென்ட், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களின் வேலிகள் இரண்டு வருடத்தில் தொங்கிப்போவதற்கு இந்தக் கணக்கே காரணம் என்பது என் எண்ணம். நாலடி உயரம் பெரும்பாலான ஆடுகளுக்குப் போதும். வேலி தோற்பது பெரும்பாலும் தரையை ஒட்டிய ஓரடியிலும், மூலைக் கால்களிலும், கதவிலும். சின்ன நிலத்துக்காரர் முழு எல்லையையும் சுமாராக அடைப்பதைவிட, கொஞ்ச இடத்தை அடியிலிருந்து ஒழுங்காக அடைத்துக்கொள்வதே லாபம்.

மாட்டையும் ஆட்டையும் ஒரே கணக்கில் பார்ப்பதில்தான் முதல் தவறு. மாடு வேலியில் சாயும், உரசும், குத்தினால் விலகிப் போகும். முள்கம்பி அந்தக் குணத்தை நம்பிப் பிறந்த பொருள். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி 1874இல் காப்புரிமை வாங்கிய வடிவம்தான் உலகம் முழுக்கப் பரவியது. அங்கே மேய்ந்தவை கனத்த உடம்பு மாடுகள். ஆடு வேறு மாதிரி. அது சாய்வதற்கு முன் மூக்கை நீட்டிப் பார்க்கும், இடைவெளி இருந்தால் தலையை விடும், தலை போனால் தோளைச் சாய்த்து உடம்பையும் விடும். முன்னங்கால்களைக் கம்பிமேல் வைத்து எழுந்து நின்று எட்டிப் பறிக்கும். அப்படி நிற்கும்போது உடம்பின் பாதி எடை கம்பியில் இறங்குகிறது. தினமும் பத்து ஆடு ஒரே இடத்தில் ஏறி நின்றால் எந்த முள்கம்பியும் தொய்ந்து போகும். தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கன்னி ஆடும் கொடி ஆடும் நெடுங்கால் இனங்கள், இந்த வேலையில் இன்னும் கெட்டி. அஞ்சு வரிசை முள்கம்பி இழுத்துவிட்டு ஆடு தாண்டவில்லை என்று சொல்பவர் இருக்கிறார் என்றால், உள்ளே இன்னும் தழை மிச்சம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். குட்டிக்கோ அந்த அஞ்சு வரிசையும் கணக்கிலேயே இல்லை. தாண்டாத ஆட்டுக்கும் முள்கம்பி நல்லதல்ல. காது கிழிவதும் மடியில் கீறல் விழுந்து புண்ணாவதும் அதனால்தான்.

வேலி ஆட்டை உள்ளே வைப்பதற்கு மட்டும் என்றால் விஷயம் இத்தோடு முடியும். ஆனால் இன்றைய தமிழ்நாட்டில் ஆட்டு வேலிக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. காங்கேயம், வெள்ளக்கோவில், சென்னிமலை வட்டாரங்களில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதும், செத்த ஆடுகளுடன் விவசாயிகள் சாலையில் உட்கார்ந்து இழப்பீடு கேட்டதும் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தன. நாய்க்கூட்டம் பசிக்காக ஒரு ஆட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஆடு மிரண்டு ஓட ஓட, துரத்தல் வெறி ஏறி, அகப்பட்டதையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். வேலிக்குள் அடைபட்ட ஆடுகளுக்கு ஓடவும் வழியில்லை. அதாவது, ஆட்டை வெளியே விடாமல் நாயை மட்டும் உள்ளே விடும் வேலி, வேலியே இல்லாததைவிட மோசம். இந்த ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டால் மற்ற முடிவுகள் தாமாக வந்துவிடும். ஆடு மேலே ஏறப் பார்க்கிறது, நாய் கீழே நுழையப் பார்க்கிறது. நம் வேலிகளில் பணம் முழுவதும் மேலேயே போகிறது.

நாய் நுழையும் விதம் எளிமையானது. வேலி ஓரமாக நடந்து, வலைக்கும் தரைக்கும் நடுவே மூக்கு நுழையும் இடத்தைத் தேடும்; கிடைக்காவிட்டால் வலை தரையைத் தொடும் அதே கோட்டில் பறிக்கத் தொடங்கும். அரை மணி நேரம் போதும், மணல் சார்ந்த மண்ணென்றால் அதுகூட வேண்டாம். இதற்கு மருந்தும் எளிமையானதுதான். வலையைத் தரையோடு நிறுத்தாமல், ஓரடியிலிருந்து ஒன்றரையடி வரை கூடுதல் வலையை அடியில் இணைத்து, வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கையாக விரித்து, மேலே மண்ணும் கல்லும் போட்டுவிட வேண்டும். நாய் வேலி ஓரத்தில் நின்று பறிக்கும்போது அதன் காலடியிலேயே வலை கிடக்கிறது. இரண்டடி பின்னால் போய்ப் பறிக்க வேண்டும் என்ற யோசனை அதற்கு வருவதில்லை. வலையை ஓரடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் புதைப்பது இன்னொரு வழி, ஆனால் கூலி அதிகம், மண்ணுக்குள் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கல் மலிவாகக் கிடைக்கும் ஊரில் அடியில் ஒரு வரிசைக் கருங்கல் பதித்து அதன்மேல் வலையை நிறுத்துவது இரண்டையும்விட நல்லது. மேடு பள்ளமான நிலத்தில் வலையை நேராக இழுத்தால் பள்ளத்தில் இடைவெளி விழும். மழைத் தண்ணீர் வெளியேறும் வாய்க்கால்தான் நாய்க்கு ராஜபாட்டை. அங்கே தனியாகக் கம்பிச் சட்டம் அடித்து வைக்காவிட்டால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

வலையைத் தேர்ந்தெடுப்பதில் கொம்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறங்குலச் சதுரக் கண் உள்ள வலையில் கொம்புள்ள ஆடு தலையை நுழைத்துவிடும், வெளியே எடுக்க வராது. கொம்பு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளே போவது சுலபம், திரும்புவது கஷ்டம். அப்படி மாட்டிய ஆடு வெயிலில் நின்று சாகலாம், நாய் வந்தால் தலை வெளியே, உடம்பு உள்ளே. கண் நாலங்குலத்துக்குக் கீழே இருந்தால் தலை போகாது. இரண்டங்குல டைமண்ட் வலை எல்லா ஊரிலும் கிடைக்கிறது, குட்டியும் நுழையாது, நாயும் நுழையாது. அதன் குறை, ஆடு ஏறி நிற்க நிற்க நடுவில் தொப்பை விழுவது. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று வரிசை கெட்டியான கம்பியை முறுக்கி இழுத்து, வலையை அவற்றோடு கட்டினால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும். அடிக்கம்பியை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. நாய் தூக்குவது அந்த விளிம்பைத்தான். இப்போது பரவலாக விற்கும் முடிச்சு வேலியில் அடியில் நெருக்கமாகவும் மேலே போகப்போக அகலமாகவும் கண் அமைந்திருக்கும், தொய்வும் குறைவு. குறுக்குக் கம்பிகளின் இடைவெளியை மட்டும் கேட்டு வாங்க வேண்டும், மாட்டுக்கென்று செய்த ரகத்தை ஆட்டுக்குத் தலையில் கட்டிவிடுவார்கள். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதும் கடையில் நிற்கும்போது நினைவிருக்க வேண்டிய சங்கதி. பதினான்கு கேஜைக் காட்டி, எண்ணைச் சொல்லி, பன்னிரண்டைவிட உசத்தி என்று நம்ப வைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. வலையைக் காலின் எந்தப் பக்கம் கட்டுவது என்பதும் சின்ன விஷயமல்ல. ஆடு நிற்கும் உள்பக்கம் கட்டினால் அது தள்ளும் பலம் காலின்மேல் விழும். வெளிப்பக்கம் கட்டினால் கட்டுக்கம்பி மட்டும்தான் தாங்க வேண்டும்.

இழுவை முழுவதும் போய்ச் சேரும் இடம் மூலை. நடுவில் நிற்கும் கால்கள் வலையை நிமிர்த்திப் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான். கம்பியின் முறுக்கத்தைத் தாங்குவது மூலைக்காலும் கதவுக்காலும். எல்லாக் கால்களையும் ஒரே கனத்தில், ஒரே ஆழத்தில் நட்டுவிட்டு வேலி ஏன் தளர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை. மூலைக்கால் சாய்ந்தால் அந்தப் பக்கம் முழுவதும் தொங்கும். ஏழடிக் கல்காலில் இரண்டடியாவது மண்ணுக்குள் போக வேண்டும், மூலையில் இன்னும் அரையடி கூட, கான்கிரீட்டோடு. மூலைக்காலுக்கு இரண்டு பக்கமும் வேலிக்கோட்டிலேயே முட்டுக்கால் கொடுக்க வேண்டும். சிலர் இடத்தை மிச்சம் பிடிக்க முட்டுக்காலை உள்பக்கமாகச் சாய்த்து வைக்கிறார்கள். சாய்ந்த கல்லைக் கண்டால் ஆடு சும்மா இருக்குமா? அதன் மேலேயே நடந்து போய் நாலடி வேலியைத் தாண்டி வெளியே குதிக்கும். வேலியை ஒட்டிக் கிடக்கும் கற்குவியல், தீவனத்தொட்டி, பழைய டிரம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கதவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடியில் இரண்டங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் ஒரு கல்படி வைக்க வேண்டும், கொக்கியை வெளிப்பக்கம் போட வேண்டும். உதட்டால் தாழ்ப்பாளை நெம்பித் திறக்கும் ஆடுகள் மந்தைக்கு ஒன்றாவது இருக்கும்.

இப்படியெல்லாம் செய்தால் அடிக்கு ஆகும் செலவு கூடும் என்பது உண்மை. ஆகவேதான் நீளத்தைப் பற்றிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு முக்கால் ஹெக்டேர்தான் என்கிறது 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பு. அதுவும் பாகம் பிரிந்து பிரிந்து ரிப்பன் ரிப்பனாக நீண்டு கிடக்கும். ஐம்பது சென்ட் நிலம் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 148 அடி, சுற்றளவு 590 அடி. அதே ஐம்பது சென்ட் ஐம்பதடி அகலத்தில் நீண்டு கிடந்தால் சுற்றளவு 970 அடியைத் தாண்டும். பரப்பு ஒன்றுதான், வேலி ஒன்றரை மடங்குக்கும் மேல். இப்போது அந்த நிலத்துக்குள் பத்து சென்ட்டை மட்டும் சதுரமாக அடைத்தால்? பக்கத்துக்கு 66 அடி, சுற்றளவு 264 அடி. எட்டடிக்கு ஒரு கால் என்றால் முப்பத்து மூன்று கால்கள். 970 அடிக்குத் தொங்கும் வேலி போடும் பணத்தில் 264 அடிக்கு அடியில் வலை விரித்து, மூலைக்குக் கான்கிரீட் போட்டு, நல்ல கதவும் மாட்டலாம். அதற்குள் ராத்திரிக்கென்று கூரையோடு ஒரு கொட்டகை. வளர்ந்த ஆட்டுக்குப் பத்து முதல் பதினைந்து சதுர அடி என்பது வழக்கமான கணக்கு. பத்து ஆட்டுக்குப் பத்தடிக்குப் பதினைந்தடி இருந்தால் போதும். நாய்கள் வருவது பெரும்பாலும் இரவிலும் விடிகாலையிலும் என்பதால், அந்த நேரத்தில் ஆடு நாலு பக்கமும் அடைத்த கொட்டகைக்குள் இருந்தால் வெளிவேலி சறுக்கினாலும் உயிர் தப்பும்.

சரி, மிச்சம் நாற்பது சென்ட் திறந்து கிடப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்குக் கொங்கு நாட்டில் பழைய பதில் ஒன்று உண்டு. கரூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கங்களின் கொறங்காடுகளில் காங்கேயம் மாடுகளையும் செம்மறியையும் மேய்த்தவர்கள் கம்பியை நம்பவில்லை. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் அந்த மானாவாரிக் காடுகளைச் சுற்றி முள்ளுக்கிளுவை வேலி வளர்த்தார்கள். மழைக்காலத்தில் போத்து வெட்டி நெருக்கமாக நட்டால் வேர்விட்டுக்கொள்ளும். வருடாவருடம் சீவி, பின்னி, இடைவெளியை முள்வைத்து அடைத்து வந்தால் தலைமுறைக்கும் நிற்கும். காட்டையும் பல பாகங்களாகப் பிரித்து முறைவைத்து மேய்த்தார்கள். வெளி எல்லைக்கு இதைவிட மலிவான வேலி கிடையாது. ஆனால் உயிர்வேலியைப் பற்றி இன்று பேசுபவர்கள் இரண்டு உண்மைகளை விழுங்கிவிடுகிறார்கள். ஒன்று, அது எழுந்து அடர்வதற்குச் சில வருடம் ஆகும், அதுவரை வெள்ளாட்டின் வாயிலிருந்து அதைக் காப்பாற்றுவதே ஒரு வேலை. கிளுவைக் கொழுந்தை ஆடு விட்டுவைக்காது. இரண்டு, வயதான வேலி மேலே அடர்ந்து அடியில் இடைவெளி விட்டுவிடும், நாய் நுழையும் இடம் அங்கேதான். ஆகவே கிளுவை, கற்றாழை, ஆடு வாய் வைக்காத ஆடாதோடை, நொச்சி எல்லாம் எல்லையில் நிற்கட்டும். ராத்திரிக் காவலை அவற்றிடம் ஒப்படைக்கக் கூடாது. அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியாவை ஆட்டு வலையின் ஓரத்திலேயே நடுவது இன்னொரு ஆசை. நட்டால் ஆடு முழு நாளும் வலையில் ஏறி நிற்கும். நாலைந்து அடி தள்ளி வெளியே நட்டு, வெட்டிக் கொண்டுவந்து போடுவது நல்லது.

சூரிய மின்வேலி இதற்கெல்லாம் மாற்று என்று விற்பனைக்காரர்கள் சொல்கிறார்கள். வேளாண் பொறியியல் துறை மானியமும் கொடுத்து வந்திருக்கிறது. மின்வேலி உடம்பைத் தடுப்பதில்லை, ஒருமுறை வாங்கிய அதிர்ச்சியின் நினைவைக் கொண்டு தடுக்கிறது. ஆட்டுக்கு அந்த நினைவு நிலைக்க நாலாயிரம் வோல்ட்டாவது துடிப்பு வேண்டும், அது உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கவும் வேண்டும். சித்திரை வைகாசியில் செம்மண் காய்ந்து கிடக்கும்போது மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, ஆட்டுக் குளம்போ காய்ந்த கொம்புப் பொருள். உள்ளே தழை தீர்ந்து ஆடு வெளியேறத் துடிக்கும் அதே மாதங்களில்தான் இந்த வேலி பலவீனமாகிறது. மின்கம்பிக்கு நடுவே பூமியோடு இணைத்த கம்பியை மாற்றி மாற்றி இழுத்தால் ஓரளவு சரிவரும். அப்போதும் அடிக்கம்பியில் புல் தொடாமல் வாரம் தவறாமல் வெட்ட வேண்டும். வேலை செய்யும் வலைவேலியின் மேல் விளிம்பில் ஒரு வரிசை மின்கம்பி என்றால் நல்ல யோசனை. தனி வேலியாக அல்ல. வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் லைனையோ நேராக வேலியில் கொடுப்பது மனிதரைக் கொல்லும் குற்றம், அதில் வாதத்துக்கு இடமில்லை. 2023இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கென்றே பதிவு, ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது; காட்டை ஒட்டிய நிலக்காரர்கள் வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது.

இத்தனைக்கும் அடிப்படையில் ஒரு ஆட்சேபம் இருக்கிறது, வயதான மேய்ப்பவர்கள் சொல்வது: ஆடு மேய்ந்து திரிய வேண்டிய ஜீவன், அதை அடைத்தால் நோய்தான் வரும், மேய்க்க ஆளிருந்தால் வேலி எதற்கு? இதில் பாதி சரி. அடைத்து வைத்த ஆட்டுக்குக் குடற்புழு, குளம்பு வளர்ச்சித் தொல்லைகள் உண்டு, அடைப்பதனாலேயே பொறுப்பு கூடுகிறது. ஆனால் மேய்க்க ஆள் எங்கே? மேய்ச்சல் புறம்போக்கு எங்கே? பக்கத்துக் காட்டில் வாய் வைத்தால் வரும் சண்டையும் இன்று வந்ததல்ல. கால்நடை அத்துமீறல் சட்டம் 1871லேயே மாட்டோடு ஆட்டையும் குட்டியையும் சேர்த்தே எழுதி, பவுண்டில் அடைக்க வழி செய்தது. பகலில் ஆள் இருக்கும்போது வெளியே மேய்க்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து சென்ட் பட்டி, ஆள் இல்லாத நேரத்துக்கும் இருட்டுக்கும். அந்தப் பத்து சென்ட் ஆட்டுக்குத் தீனி தராது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். வளர்ந்த ஆட்டுக்கு நாளுக்கு மூன்று நான்கு கிலோ பசுந்தீவனம் வேண்டும். மிச்ச நாற்பது சென்ட்டில் வேலிமசாலும் கோ-5 புல்லும் அகத்தியும் போட்டு அறுத்துப் போட்டால், வயிறு நிறைந்த ஆடு வேலியைச் சோதிப்பதும் பாதியாகக் குறையும். பசித்த ஆட்டுக்கு முன் ஐந்தடி வலையும் அதிக நாள் நிற்காது.

பணமே இல்லாதவர் என்ன செய்வார் என்பதுதான் மிஞ்சும் கேள்வி, அதற்கு விவசாயி மட்டும் பதில் சொல்ல முடியாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் 98 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பங்கு ஏழைக் குடும்பங்களின் திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் கட்டிக் கிடப்பவை. விலையில்லா ஆடு வழங்கும் திட்டம் 2011இல் தொடங்கியபோது குடும்பத்துக்கு நாலு ஆடு கொடுத்தார்கள். ஊரக வேலைத் திட்டத்தில் கொட்டகையும் கட்டித் தந்திருக்கிறார்கள். நாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. நாலு ஆட்டுக்கு ராத்திரி அடைக்கப் பத்தடிக்குப் பத்தடி இடம் தாராளம். அதற்கு வேண்டியது நாற்பதடி நல்ல வலை, அடியில் விரிக்க இன்னும் கொஞ்சம், நாலு மூலைக்கால், ஒரு கதவு. ஆடு கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் இந்த நாற்பதடி வலையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று விவசாயிகள் சங்கங்கள் கேட்க வேண்டும். செத்த பிறகு தரும் இழப்பீட்டைவிட அதற்குச் செலவு குறைவாகவே ஆகும்.